மரத்தில் அமைந்த யாப்பு: அல் அக்ஸா மிம்பரின் வரலாறு

தோற்றுவாய்

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், அதன் மாதக் கூட்டமொன்றில் எழுந்த வினா ஒன்றை நினைவுகூர்ந்து இக்கட்டுரையைத் தொடங்குதல் பொருத்தமாகும். அன்று வெண்பா பற்றி நான் ஆற்றிய உரை முடிந்தபின் இளங்கவிஞர் ஒருவர் எழுந்து, "அம்மா, தளை என்னும் சொல்லுக்கு விலங்கு என்றும் பொருள் உண்டல்லவா? கவிஞன் அதைத் தன் காலில் தானே ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும்?" என்று வினவினார். அவையில் சிரிப்பெழுந்தது. நானும் சிரித்து, ஓசை நயம், நினைவில் நிற்கும் எளிமை, மரபின் பெருமை என்று வழக்கமாகக் கூறப்பெறும் விடைகளைக் கூறி அமர்ந்தேன். ஆயினும் அவ்விடைகள் எனக்கே நிறைவளிக்கவில்லை. வினா மட்டும் பல நாள் என்னுடன் இருந்தது.

பின்னர், இடைக்கால இசுலாமிய உலகின் மரச்சிற்பக் கலை பற்றி வாசிக்கும் வாய்ப்பு நேர்ந்தது. அவ்வாசிப்பில், அலெப்போ நகரத் தச்சர்கள் செதுக்கி, ஜெருசலேமில் 782 ஆண்டுகள் நின்று, ஒரே நாளில் எரிந்துபோய், பின் வடிவியலின் துணையால் மீண்டும் எழுந்த ஒரு மிம்பரின் வரலாற்றை அறிந்தேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையின்போது குத்பா உரை நிகழ்த்துவதற்கென அமைந்த படிமேடையே மிம்பர் எனப்படும். யாப்பருங்கலக்காரிகையில் தேடிக் கிடைக்காத விடையொன்று அந்தப் படிமேடையின் வரலாற்றில் எனக்குக் கிடைத்தது. அவ்வரலாற்றைக் கவிஞர்களாகிய உங்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாக்தாத் நகரில் கூடிய அவை

கணிதமும் கைவினையும் சந்தித்த இடத்திலிருந்து இவ்வரலாற்றைத் தொடங்க வேண்டும். கி.பி. 940-இல் குராசான் பகுதியைச் சேர்ந்த பூஸ்ஜான் என்னும் ஊரில் பிறந்தவர் அபுல் வஃபா. இளமையிலேயே பாக்தாத் சென்று, புவைஹி அரசர்களின் ஆதரவில் வானியலிலும் கோணவியலிலும் பெரும்புகழ் எய்தினார். கணித வல்லுநர்க்காக நூல்கள் இயற்றிய இவ்வறிஞர், கைவினைஞர்க்கெனவும் ஒரு நூல் எழுதினார். கைவினைஞனுக்கு வேண்டிய வடிவியல் அமைப்புகளைக் கூறுவது என்னும் பொருள்படும் தலைப்பினை உடையது அந்நூல்.

அந்நூலின் தொடக்கமே நம் கருத்தைக் கவர்கிறது. உயரிய தேற்றங்களில் அது தொடங்கவில்லை. தச்சன் கையிலுள்ள அளவுகோல், கவராயம், மூலைமட்டம் ஆகிய கருவிகளைப் பற்றியே முதலில் பேசுகிறது. மூலைமட்டத்தின் கோணம் உண்மையிலேயே செங்கோணந்தானா என்று சோதித்தறியும் வழிகளைக் கூறுகிறது. கவராயத்தின் விரிவை ஒருமுறை வைத்தபின் மாற்றாமலே பல உருவங்களை வரையும் முறைகளையும் கற்பிக்கிறது. பட்டறையில் வேலை செய்பவனுக்குக் கவராயத்தை அடிக்கடி திருத்துவது பிழைக்கு இடந்தரும் என்பதை உணர்ந்த ஆசிரியர் இவர் என்பது இதனால் விளங்கும்.

அந்நூலில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. வடிவியல் அறிஞரும் கைவினைஞரும் கூடியிருந்த அவையொன்றில் ஒரு வினா எழுந்தது. ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டிப் பொருத்தி, துண்டு ஒன்றும் மிஞ்சாமல் ஒரே பெரிய சதுரமாக அமைப்பது எவ்வாறு என்பதே அவ்வினா. வடிவியல் அறிஞர்கள் பெரிய சதுரத்தின் பக்கம் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பதை எளிதில் கோடிட்டுக் காட்டினர். ஆனால் பலகையை எங்கே வெட்டுவது என்று அவர்களால் கூற இயலவில்லை. கைவினைஞர்களோ பல வழிகளில் வெட்டிப் பொருத்திக் காட்டினர். பார்வைக்கு அவை சதுரமாகவே தோன்றின. அளந்து நிறுவ முற்பட்டபோது அவற்றுட் சில சதுரம் அல்ல என்பது புலப்பட்டது.

அபுல் வஃபா கூறிய தீர்வு, எழுதுதாளும் கத்தரிக்கோலும் கொண்டு நாமே செய்து பார்க்கத்தக்கது. மூன்று சதுரங்களுள் இரண்டை மூலைவிட்டத்தின் வழியே வெட்டினால் நான்கு செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். மூன்றாம் சதுரத்தை வெட்டாமல் நடுவில் வைக்க வேண்டும். அதன் நான்கு பக்கங்களிலும், ஒரே திசையில் சுற்றிவருமாறு, ஒவ்வொரு முக்கோணத்தின் நெடும்பக்கத்தைச் சேர்க்க வேண்டும். முக்கோணத்தின் ஒரு முனை சதுரத்தின் மூலையோடு பொருந்தும். மறுமுனை அடுத்த மூலையைத் தாண்டி நீண்டு நிற்கும். இப்போது நான்கு முக்கோணங்களின் செங்கோண உச்சிகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் ஒரு பெரிய சதுரம் உருவாகும். கோட்டுக்கு வெளியே நீட்டி நிற்கும் நான்கு சிறு முனைகளை வெட்டி, கோட்டுக்கு உள்ளே வெறுமையாயிருக்கும் நான்கு இடங்களில் வைத்தால், அவை அணுவளவும் பிசகாமல் அமர்ந்துவிடும்.

இந்நிகழ்ச்சியைக் கூறிய அபுல் வஃபா இருசாராரையும் கடிந்துகொள்கிறார். வடிவியல் அறிஞன் மெய்ப்பித்தலால் உண்மையை அறிகிறான். ஆனால் கைப்பழக்கம் இன்மையால் செயலில் தடுமாறுகிறான். கைவினைஞன் கண்ணால் கண்டதை நம்புகிறான். மெய்ப்பித்தலைப் பொருட்படுத்தாமையால் அவன் கண் சிலபோது அவனை ஏமாற்றுகிறது. அறிவும் கையும் ஒன்றையொன்று நாடவேண்டும் என்பதே அவர் கருத்து. அந்நூல் பிற்காலத்தில் பாரசீகத்திலும் மொழிபெயர்க்கப்பட்டது. அம்மொழிபெயர்ப்பின் படியொன்று, ஒன்றோடொன்று பின்னி அமையும் வடிவங்களைப் பற்றிய மற்றொரு பாரசீக நூலுடன் சேர்த்துக் கட்டப்பட்டு, பாரிஸ் தேசிய நூலகத்தில் உள்ளது.

மரத்தின் இயல்பும் வடிவத்தின் ஒழுங்கும்

இத்தகைய வடிவியல் மரவேலையில் ஏன் இவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்னும் வினாவுக்கு விடை மரத்தின் இயல்பிலேயே உள்ளது. மரம் வெட்டுண்ட பின்னும் அசைவற்ற பொருளாவதில்லை. ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். சிரியா, எகிப்து போன்ற நாடுகளின் கடுங்கோடையில் அகன்ற பலகை வளையும் அல்லது வெடிக்கும். அந்நாடுகளில் பெருமரங்களும் அரியவை. ஆதலின் ஓர் அகன்ற பரப்பைச் சிறுசிறு துண்டுகளால் அமைப்பது தச்சர்க்குத் தேவையாயிற்று.

அவர்கள் கையாண்ட முறையினைத் துருக்கியர் குந்தேகாரி என்பர். நீண்ட மெல்லிய சட்டங்களின் இருபுறமும் காடி எடுக்கப்படும். விண்மீன், ஐங்கோணம், அறுகோணம் எனப் பல வடிவங்களில் அறுத்த சிறு பலகைகளின் விளிம்பில் நாக்கு விடப்படும். நாக்கு காடிக்குள் நுழைந்து நிற்கும். ஆணியும் இல்லை, பசையும் இல்லை. ஒவ்வொரு துண்டும் தன் காடிக்குள் சற்றே விரியவும் சுருங்கவும் இடம் உண்டு. ஆகவே கோடை மாறி மாரி வந்தாலும் பரப்பு வெடிப்பதில்லை. இறுகக் கட்டாமையே இங்கு உறுதிக்குக் காரணமாகிறது.

ஆணியும் பசையும் இல்லாதபோது துண்டுகளைத் தாங்கி நிற்பது எது? அடுத்த துண்டே தாங்குகிறது. அடுத்ததை அதற்கடுத்தது தாங்குகிறது. எனவே கோணங்கள் மிகத் துல்லியமாக இருத்தல் வேண்டும். பத்து முனை கொண்ட விண்மீனை எடுத்துக்கொள்வோம். வட்டத்தின் 360 பாகையில் ஒவ்வொரு முனைக்கும் 36 பாகை உரியது. தச்சன் ஒவ்வொரு முனையிலும் அரைப் பாகை பிழைத்தால் பத்தாம் முனைக்கு வரும்போது 5 பாகை இடைவெளி விழும், விண்மீன் மூடாது. ஒரு துண்டின் பிழையை அதன் அண்டைத் துண்டுகள் எல்லாம் சுமக்கும். வெண்பாவில் ஒரு சீர் பிழைத்தால் அடுத்த சீரும் தளை தட்டுவதை நாம் அறிவோம். இவ்வேலைப்பாட்டைக் கண்டபோது எனக்கு முதலில் தோன்றிய ஒப்புமை இதுவே.

ஐந்து என்னும் எண் இக்கலைஞர்க்குப் பெரிய அறைகூவலாய் அமைந்தது. சதுரங்கள் நான்கு ஒரு புள்ளியில் கூடினால் 360 பாகை நிறையும். அறுகோணங்கள் மூன்று கூடினாலும் நிறையும். ஒழுங்கான ஐங்கோணத்தின் கோணமோ 108 பாகை. மூன்று ஐங்கோணங்கள் கூடினால் 324 பாகையே ஆகும். 36 பாகை வெறுமையாய் நிற்கும். நான்காவதற்கு இடமில்லை. ஆதலால் ஐங்கோணங்களை மட்டும் கொண்டு ஒரு தளத்தை நிரப்புதல் இயலாது. இசுலாமியக் கலைஞர்கள் அந்த இடைவெளியை மறைக்க முற்படவில்லை. அதற்கும் ஒரு வடிவம் தந்தனர். ஐங்கோணத்தோடு சாய்சதுரம், நீள் அறுகோணம், பத்துமுனை விண்மீன் ஆகியவற்றைச் சேர்த்து, குறையாய் நின்ற இடத்தையே அணியாக்கினர். இவ்வகை அமைப்பு செங்கல், ஓடு, மரம் எனப் பல பொருள்களிலும் வளர்ந்தது. இசுபஹான் நகரில் 1453-இல் எழுந்த தர்பே இமாம் கட்டடத்தின் ஓட்டு வேலையில், பென்ரோஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் 1970-களில் கண்டறிந்த அமைப்புக்கு மிக நெருங்கிய ஒழுங்கு காணப்படுவதாக 2007-இல் அமெரிக்க இயற்பியல் ஆய்வாளர் இருவர் எழுதினர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டு இத்தகைய மரவேலையின் பொற்காலம் எனலாம். மொராக்கோவின் மராகிஷ் நகருக்கென 1137-இல் கொர்தோபாவில் தொடங்கப்பெற்ற மிம்பர், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய மரத் துணுக்குகளாலும் தந்தத் துணுக்குகளாலும் இழைக்கப்பட்டது. துருக்கியின் கோனியா நகரில் அலாவுத்தீன் பள்ளிவாசலின் மிம்பர் 1155-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இவற்றோடு ஒருங்கே எண்ணத்தக்கதே அலெப்போவில் உருவான, நாம் காணப்போகும் மிம்பர்.

அலெப்போத் தச்சர்கள்

ஜெருசலேம் 1099-ஆம் ஆண்டு சிலுவைப் போர் வீரர்களின் கைக்குச் சென்றது. அலெப்போவையும் பின்னர் 1154 முதல் டமாஸ்கஸையும் ஆண்ட சுல்தான் நூருத்தீன், அந்நகரை மீட்க வேண்டும் என்னும் வேட்கை கொண்டிருந்தார். மீட்கும் நாளில் அல் அக்ஸா பள்ளிவாசலில் நிறுவுவதற்கென்றே ஒரு மிம்பரைச் செய்யுமாறு அலெப்போத் தச்சர்களைப் பணித்தார் என வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் எழுதியுள்ளார். அவர்கள் பல ஆண்டுகள் உழைத்து அதனைச் செய்தனர் என்றும் அவர் குறிப்பிடுகிறார். மிம்பரில் பொறிக்கப்பட்ட ஹிஜ்ரி 564 என்னும் ஆண்டு கி.பி. 1168-69-ஐக் குறிக்கும்.

இன்னும் கைக்கு வராத ஒரு நகரத்தின், கண்ணாற் காண இயலாத ஒரு கூடத்துக்காக ஆறு மீட்டர் உயரப் படிமேடை செய்யப்பட்டது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அதனைச் செய்தவர்கள் தம் பெயரையும் மரத்தில் பொறித்துச் சென்றனர். நான்கு கையெழுத்துகள் அதில் இருந்தன. ஹுமைத், சல்மான் என இருவர். யஹ்யா என்பாரின் மக்களான அபுல் ஹசன், ஃபளாஇல் என மேலும் இருவர். அரசரின் பெயரை வரலாறு எப்படியும் காக்கும். தச்சரின் பெயரை அவர் செதுக்கிய பலகையே காத்தது.

அலெப்போ அன்று மரக்கலையின் தலைமை இடமாக விளங்கியது. 1184-இல் அந்நகருக்கு வந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் தந்தமும் கருங்காலியும் இழைத்த மரவேலையைக் கண்டு, அதனினும் சிறந்ததை யாண்டும் கண்டதில்லை என வியந்து எழுதியுள்ளார். அப்பள்ளிவாசலின் 1090-ஆம் ஆண்டைச் சேர்ந்த மினாரா 2013 ஏப்ரலில் உள்நாட்டுப் போரில் இடிந்து வீழ்ந்ததை நம்மிற் பலர் செய்தியாகப் படித்திருப்போம். அழகின் ஊர்கள் அழிவின் ஊர்களாகவும் நேர்வது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

நூருத்தீன் 1174-இல் காலமானார். ஜெருசலேமில் நுழையும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. அவர் படையில் வளர்ந்த சலாஹுத்தீன் 1187 அக்டோபர் 2-ஆம் நாள் அந்நகரை மீட்டார். அலெப்போவில் காத்திருந்த மிம்பரை வரவழைத்து அல் அக்ஸாவில் நிறுவினார். அதனால் அது சலாஹுத்தீன் மிம்பர் என்றே வழங்கலாயிற்று. ஏறத்தாழ இருபதாண்டு அலெப்போவில் காத்திருந்தபின், அது தனக்குரிய இடத்தை அடைந்தது.

தீ

1969 ஆகஸ்ட் 21-ஆம் நாள் அல் அக்ஸா பள்ளிவாசலினுள் தீ வைக்கப்பட்டது. வைத்தவர் டெனிஸ் மைக்கேல் ரோகன் என்னும் ஆஸ்திரேலியர். அவர் மனநிலை பிறழ்ந்தவர் என நீதிமன்றம் பின்னர்க் கண்டது. கூரையின் ஒரு பகுதியும் மிம்பரும் எரிந்தன. இசுலாமிய நாடுகளின் தலைவர்கள் அடுத்த மாதமே மொராக்கோவின் ரபாத் நகரில் கூடினர். இசுலாமிய மாநாட்டு அமைப்பு தோன்றுவதற்கு அக்கூட்டமே வழிகோலியது. எஞ்சிய சில கரிந்த துண்டுகள் பள்ளிவாசல் வளாகத்திலுள்ள அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. மிம்பர் நின்ற இடத்தில் எளிய படிமேடையொன்று வைக்கப்பட்டது.

எரிந்தது மரம் மட்டும் எனில் மீண்டும் செய்துவிடலாம். அவ்வாறு எண்ணியவர்களுக்குப் பின்னரே உண்மை விளங்கியது. அத்தகைய ஒன்றைச் செய்யத் தெரிந்தவர் எவரும் இல்லை. விண்மீன்களின் கோடுகளை எங்கிருந்து தொடங்குவது, எந்த வட்டத்தை எத்தனையாகப் பகுப்பது, முக்கோணமான பக்கப் பலகைக்குள் வடிவத்தை எவ்வாறு அடக்குவது என்பனவெல்லாம் ஆசானிடமிருந்து மாணவனுக்குக் கையோடு கைமாறிய அறிவு. அச்சங்கிலி எங்கோ அறுந்துபோயிருந்தது.

இவ்வறிவு எழுதப்படவே இல்லையா எனக் கேட்கலாம். எழுதப்பட்டவற்றுள் நமக்கு எஞ்சியவை மிகச் சில. இஸ்தான்புல் தொப்காபி அரண்மனையில் ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் உள்ளது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளை ஒட்டியது எனக் கருதப்படும் அச்சுருளில் 114 வடிவங்கள் வரையப்பட்டுள்ளன. குல்ரு நெசிபோக்லு என்னும் அம்மையார் அதனை விரிவாக ஆராய்ந்து 1995-இல் நூலாக வெளியிட்டார். மையால் வரைந்த கோடுகளுக்கு அடியில், மையின்றி எழுத்தாணியால் கீறப்பட்ட கோடுகள் அதில் உண்டு. அவையே வடிவம் பிறந்த வழியைக் காட்டும் கோடுகள். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தாலன்றி அவை கண்ணுக்குப் புலப்படா. சுருளில் விளக்க உரை ஏதும் இல்லை. அறிந்தவன் அறிந்தவனுக்கு விட்டுச்சென்ற குறிப்பு அது.

மீட்சி

மிம்பரை மீண்டும் அமைக்க ஜோர்டான் மன்னர் ஹுசைன் முனைந்தார். 1999-இல் அவர் மறைந்தபின் அவர் மகன் இரண்டாம் அப்துல்லா அப்பணியைத் தொடர்ந்தார். வடிவத்தின் மறைபொருளை அவிழ்த்தவர் மின்வர் அல் மிஹீத் என்னும் பொறியாளர். பிறப்பால் தச்சர் அல்லர். தீக்கு முன் எடுக்கப்பட்ட பழைய நிழற்படங்களும் எஞ்சிய துண்டுகளுமே அவருக்குக் கிடைத்த சான்றுகள்.

நிழற்படத்தின் மீது தாள் வைத்துக் கோடுகளைப் படியெடுத்தால் போதாதா என்று நமக்குத் தோன்றலாம். போதாது. நிழற்படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கும், ஓரங்கள் சுருங்கியிருக்கும், நிழல் விழுந்த இடங்கள் தெளிவற்றிருக்கும். படியெடுத்த கோடுகளில் ஒவ்வொரு கோணமும் சிறிதளவு பிழையாகவே அமையும். அத்தகைய பிழைகள் சேர்ந்தால் விண்மீன் மூடாது என்பதை முன்னர்க் கண்டோம். கண்ணுக்குச் சதுரமாகத் தோன்றியது சதுரம் அன்று என்று பாக்தாத் அவையில் அபுல் வஃபா காட்டிய அதே இடர்ப்பாடு, ஆயிரம் ஆண்டுகள் கடந்து மீண்டும் நேர்ந்தது.

ஆகவே மிஹீத் கோடுகளைப் பின்பற்றவில்லை. கோடுகளைப் பிறப்பித்த விதியைத் தேடினார். எந்த வட்டம், எத்தனைப் பகுப்பு, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு என்று பல ஆண்டுகள் முயன்று கண்டறிந்தார். விதி தெரிந்தவுடன் நிழற்படத்தில் மங்கிய பகுதிகளும் தாமே தெளிந்தன. ஒரு மூலையில் என்ன இருந்தது என்று படம் காட்டாவிடினும், அங்கு வேறெதுவும் இருந்திருக்க முடியாது என்று விதி கூறியது. எஞ்சிய பகுதி இழந்த பகுதிக்குச் சான்று பகர்ந்தது.

எனினும் விதி கண்டது பாதிவழியே. உளியெடுக்கும் கைகள் வேண்டியிருந்தன. ஜோர்டானின் சால்ட் நகரில், அல் பல்கா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இசுலாமிய மரபுக் கலை நிறுவனத்தில் துருக்கி, இந்தோனேசியா, ஜோர்டான் முதலிய நாடுகளின் கைவினைஞர் கூடினர். ஒவ்வொரு விண்மீனுக்குள்ளும் கொடியும் இலையும் செதுக்க வேண்டியிருந்தது. சட்டகத்தின் கோடு கவராயத்துக்குக் கட்டுப்படும்; இலையின் வளைவோ உளி பிடித்தவனின் மூச்சுக்குக் கட்டுப்படும். அக்ரூட் மரம், கருங்காலி, தந்தம் ஆகியவற்றால் ஆன 16,500 துண்டுகள் ஆணியும் பசையும் இன்றி ஒன்றையொன்று தாங்கி நின்றன. 2006-இல் வேலை நிறைவுற்றது. 2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புதிய மிம்பர் அல் அக்ஸாவில் நிறுவப்பட்டது. தீ வைக்கப்பட்டு அப்போது 37 ஆண்டுகள் கடந்திருந்தன.

கவிஞர்க்கு ஒரு சொல்

இவ்வரலாற்றை வாசித்து முடித்தபோது, முனைவர்ப்பட்ட ஆய்வுக்காக ஓலைச்சுவடிகளைப் பார்வையிட்ட நாள்கள் என் நினைவுக்கு வந்தன. செல்லரித்த ஓலையில் ஒரு சீர் முழுதும் துளையாய்ப் போயிருக்கும். அத்துளையின் முன் அமர்ந்திருக்கும் பதிப்பாசிரியனுக்குத் துணை யார்? பாடல் வெண்பாவாயின், வெண்பாவின் தளையே துணை. முன்சீர் மாச்சீராய் முடிந்தால் இழந்த சீர் நிரையசையில் தொடங்கியிருக்க வேண்டும். விளச்சீராயினும் காய்ச்சீராயினும் நேரசையில் தொடங்கியிருக்க வேண்டும். அடியின் முதற்சீர் எனில் எதுகை அதன் இரண்டாம் எழுத்தைச் சுட்டிக்காட்டும். வெண்பாவின் ஈற்றுச்சீர் எனில் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கனுள் ஒன்றே அங்கு நிற்க இயலும். ஆகவே துளை வெறுந்துளையாய் இல்லை. அதற்கு ஓர் உருவம் உண்டு. அவ்வுருவத்தைக் காத்துத் தந்தது யாப்பு.

இளங்கவிஞர் எழுப்பிய வினாவுக்கு அன்று நான் கூறியிருக்க வேண்டிய விடை இதுதான். தளை என்பது ஒரு சீரின் ஈற்றசை அடுத்த சீரின் முதலசையோடு பொருந்தி நிற்கும் முறை. அலெப்போத் தச்சனின் நாக்கும் காடியும் செய்யும் வேலையையே அது செய்கிறது. ஒவ்வோர் உறுப்பும் அண்டை உறுப்பைத் தாங்கி நிற்பதால், ஓர் உறுப்பு அழிந்தாலும் மற்றவை அதன் வடிவை நினைவில் வைத்திருக்கின்றன. அதைப் பூட்டிக்கொள்ளும் கவிஞன், தன் பாட்டைச் செல்லும் தீயும் தின்னவரும் நாளுக்கெதிராக ஒரு சாட்சியை அதனுள்ளேயே வைத்துச் செல்கிறான்.

இவ்விடைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. யாப்பு இழந்த சீரின் அளவைக் கூறும். இழந்த சொல்லைக் கூறாது. நிரையசையில் தொடங்கும் சொற்கள் தமிழில் எண்ணற்றவை. அவற்றுள் எதைப் புலவன் வைத்தான் என்பதை எந்த இலக்கணமும் மீட்டுத்தர இயலாது. அதனாலன்றோ நம் பதிப்பாசிரியர்களுள் தலைசிறந்தோர், தாமே ஒரு சொல்லைப் பெய்து நிரப்பும் ஆற்றல் பெற்றிருந்தும், புள்ளிகளை இட்டு இடத்தை வெறுமையாகவே விட்டனர். சால்ட் நகரில் செதுக்கிய கைவினைஞர்க்கும் இது தெரியும். கோடுகளை ஹுமைதும் சல்மானும் யஹ்யாவின் மக்களும் வகுத்த வழியிலேயே அமைத்தனர். இலைகளைச் செதுக்கியவையோ புதிய கைகள். பழைய கைகளின் நடுக்கமும் விரைவும் தயக்கமும் எரிந்தவை எரிந்தவையே.

ஆகவே கோடும் இலையும் ஆகிய இரண்டும் நமக்கு வேண்டும். யாப்பறிந்தும் உயிரற்ற வெண்பா எழுதுவோர்க்கு அபுல் வஃபாவின் முதற்கண்டனம் பொருந்தும். அவர்க்கு விதி தெரியும், கை இல்லை. யாப்பைக் கண்ணெடுத்தும் பாராது எழுதுவோர்க்கு அவர்தம் இரண்டாம் கண்டனம் பொருந்தும். கண்ணுக்கு அழகாய்த் தோன்றுவது எதனால் நிற்கிறது என அவர் சோதித்ததில்லை. புதுக்கவிதை எழுதும் நண்பர்கள் என்மீது சினங்கொள்ள வேண்டா. நல்ல புதுக்கவிதைக்கும் உள்ளே ஒரு காடியும் நாக்கும் உண்டு. அதன் ஒரு வரியை நீக்கினால் மற்ற வரிகள் அசைவதை நீங்களே அறிவீர்கள். அந்த அசைவை உணர்ந்தவர் எவ்வடிவில் எழுதினாலும் தச்சரே.

இறுதியாக ஒன்று. மிம்பரை எரித்தது தீ. அதனை மீண்டும் செய்ய இயலாமற் செய்தது, கற்பிப்போரும் கற்போரும் இல்லாது போன இடைக்காலம். அவ்வறிவு யாரும் காணாமலே மெல்லமெல்ல அழிந்திருந்தது. தீயின்போதுதான் அந்த இழப்பு உலகுக்குத் தெரிந்தது. மாதந்தோறும் ஒரு கூடத்தில் கூடி, மூத்தவர் கூற இளையவர் எதிர்வினவும் இவ்வட்டம் பத்தாண்டு நிலைத்தது என்பதன் பொருள், அத்தகைய இடைவெளி நம்மிடையே விழாமல் பத்தாண்டு காத்தோம் என்பதே. அவ்விளங்கவிஞரை அடுத்த கூட்டத்தில் காணும்போது இவ்விடையைக் கூறுவேன். அவர் மீண்டும் எழுந்து மற்றொரு வினாவைத் தொடுப்பார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் தொடுக்க வேண்டும்.